முதல் கியரும் இடது முழங்கையும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே பேருந்து ஓட்டிய காலத்தில் எனக்கு வண்டியைப் பற்றித் தெரிந்த அளவுக்கு உடம்பைப் பற்றித் தெரியாது. கிளட்ச் எங்கே பிடிக்கிறது, பிரேக் எங்கே தளர்ந்திருக்கிறது என்பதைக் காலை வைத்ததுமே சொல்லிவிடுவேன். என் கை எப்படி நீள்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அது நீளாமல் நின்ற பிறகுதான் யோசிக்க வேண்டி வந்தது.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. நாற்கரச் சாலை இன்னும் வரவில்லை. மழைக்காலத்துக் காலை ஒன்றில், டெப்போவில் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இறங்கும்போது ஈர பம்பரில் கால் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தேன். முழங்கை எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்த அன்று கை பாதி மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை.

சாப்பிட வலது கை இருந்தது. சட்டை போட மனைவி இருந்தாள். ஆனால் பேருந்தில் கியர் போடுவது இடது கை. எங்கள் வண்டிகளில் முதல் கியர் இடது ஓரத்தில், முன்பக்கமாக, கை எட்டுகிற தூரத்தின் கடைசியில் இருக்கும். அங்கே கை போகாவிட்டால் ஓட்டுநர் வேலை கிடையாது. பேருந்து நிலையத்தில் வண்டிகள் வந்துபோகும் நேரத்தை எழுதும் அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். அது மரியாதையான வேலைதான். ஆனாலும் ஸ்டியரிங்கை விட்டு இறங்குவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

என் வண்டியின் நடத்துநர் பார்க்க வந்தார். என்னைவிட இளையவர், வாய் ஓயாதவர்.

"இன்னா ண்ணா, யானை தும்பிக்கைய தூக்கிக்கினு நிக்கிற மாதிரி நிக்கிற?"

"நீட்ட வரலப்பா."

"இதுக்கா இவ்ளோ பேஜாரு? டெப்போவுலயே வைத்தியம் இருக்குது ண்ணா. நாளைக்கே எட்த்தாறேன்."

மறுநாள் அவர் கொண்டுவந்தது, சரிவில் நிற்கும் வண்டி உருண்டுவிடாமல் டயருக்கு அண்டை கொடுக்கும் மரக்கட்டை. கையில் அடிபட்ட ஓட்டுநர்கள் அதைக் கயிற்றால் மணிக்கட்டில் கட்டித் தொங்கவிட்டபடி நடப்பது எங்கள் டெப்போவின் வழக்கம். அத்தனை பெரிய வண்டியை அடக்குகிற கட்டைக்கு ஒரு கையை நிமிர்த்தத் தெரியாதா என்பது எல்லோருடைய கட்சி. எனக்கும் அது சரியாகவே பட்டது. காலையில் கட்டையைக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தேன். மாலையில் மனைவி நல்லெண்ணெயைக் காய்ச்சி, முழங்கையை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கினு இருங்களேன். பஸ்ஸுல அவ்ளோ பேர மேய்க்கிற ஆளு, இதுக்குப் போயி இப்பிடிக் கத்துறீங்க."

ஒரு வாரத்துக்குள் முழங்கை வீங்கிச் சூடானது. கை முன்பைவிட இன்னும் சற்று மடங்கிக்கொண்டது.

அதன் பிறகு மருத்துவமனையின் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனோம். அங்கே இருந்த பெண் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரர். படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. முழங்கையைத் தொட்டுப் பார்த்தார்.

"எண்ணெ போட்டுத் தேச்சீங்களா சார்?"

"தேச்சாங்க."

"கல்லு கட்டித் தொங்க விட்டீங்களா?"

"கல்லு இல்லம்மா. கட்டை."

"ஆமா, ரொம்ப வித்தியாசம்!"

பின்னால் நின்ற என் மனைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று அவர் சொன்ன ஒரு செய்தி எனக்குப் புதிது. தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. நான் மறுத்தேன். "கியர முன்னாடி தள்ளிக்கினுதான இருக்கேன்?" அவர் என் வலது கையை எடுத்து இடது மேற்கையின் பின்பக்கத்தில் வைத்து, "இப்ப நீட்டப் பாருங்க" என்றார். கை நீளவில்லை. ஆனால் உள்ளங்கைக்குக் கீழே பின்பக்கத் தசை இறுகி எழும்பியது. அது முழங்கை எலும்பின் நுனியைப் பின்னாலிருந்து இழுக்கிறது, எலும்பு கீல் போலத் திரும்ப, கை நீள்கிறது. வெளியே பார்ப்பவருக்குத்தான் அது தள்ளுவது.

"படகுல பாயத் திருப்பணும்னா ஒரு பக்கத்துக் கயித்த இழுக்கணும், இன்னொரு பக்கத்த விட்டுக் குடுக்கணும் சார். உங்க கட்டை இன்னா பண்ணிச்சி? கை பிய்ஞ்சிடப் போவுதுன்னு முன்பக்கத்துத் தசை பயந்துக்கினு இழுத்துப் பிடிச்சிச்சி. நீங்க நீட்டுறதா நினைச்சிக்கினு மடக்குறதுக்குப் பயிற்சி குடுத்திருக்கீங்க. தேய்க்கிறதும் அப்பிடித்தான். புண்ணுல போயி புண்ணு."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"நீங்களே நீட்டணும். நான்கூட இழுக்க மாட்டேன்."

முதலில் வீக்கம் வடிய விட்டார். பிறகு பயிற்சி. மேற்கையை மேசைமேல் வைத்து, வலிக்காத இடம் வரை நானாக நீட்டி, நிறுத்தி, திரும்ப மடக்குவேன். அதில் என்னை ஏமாற்றியது என் தோள். முழங்கை திறக்க மறுக்கும்போது, முதுகில் இருக்கும் தோள்பட்டை எலும்பு விலா மீது முன்னால் சறுக்கி, விரல்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்விடும். கை நீண்டது என்று நான் மகிழ்வேன். அவர் தோளைப் பிடித்து அழுத்துவார். "தோளு திருடுது சார். முழங்கை தூங்கிக்கினு இருக்குது."

டெப்போவின் மூலையில் ஓரங்கட்டிய பழைய வண்டி ஒன்று இருந்தது. மேலாளரிடம் கேட்டுக்கொண்டு தினமும் அதன் இருக்கையில் உட்கார்ந்தேன். கிளட்சை மிதித்து, கியர்க் கம்பியைப் பின்னால் இழுப்பேன், முன்னால் கொண்டுபோவேன். இழுக்கும்போது முன்தசை, நீட்டும்போது பின்தசை, ஓரத்துக்குத் தள்ளும்போது தோள். எந்த அசைவு யாருடையது என்று பிரித்தறிய இஞ்சின் ஓடாத வண்டி வசதியாக இருந்தது. நடத்துநர் தினமும் சன்னலில் தலையை நீட்டுவார்.

"ண்ணா, கூட்டேரிப்பட்டு தாண்டிட்டியா? ஒரு டீ வாங்கிக்கினு வா."

சிரிக்கட்டும் என்று விட்டேன். இரண்டாம் கியரும் நான்காம் கியரும் முதலில் வசமாயின. மூன்றாவது பிறகு. முதல் கியருக்கு மட்டும் முழங்கை ஒரு விரல்கடை தூரம் கடன் வைத்தது. சிகிச்சைப் பெண் அளந்து பார்த்து, "இனிமே இதுக்கு மேல நீளாது சார். எலும்புலயே கொஞ்சம் தடுக்குது" என்றார். பிறகு, "இப்ப தோளு திருடலாம். இனி அது திருட்டு இல்ல" என்றார்.

தகுதி பார்த்த மருத்துவரும் அந்தக் குறையைக் கண்டார். வண்டி ஓட்டிக் காட்டட்டும், அதை வைத்து முடிவு செய்யலாம் என்று எழுதினார். ஆகவே ஒரு காலை, ஆளில்லாத வண்டியில் டெப்போவின் ஓட்டுநர் பயிற்சியாளர் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "திண்டிவனம் போ" என்றார். அதிகம் பேசாத பெரியவர். சாலையைவிட என் முழங்கையைத்தான் அதிகம் பார்த்தார்.

விக்கிரவாண்டி தாண்டி ஒரு மேட்டில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முக்கிக்கொண்டு போனது. எதிரே லாரிகள் வரிசை. முந்த வழியில்லை. நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு. டிராக்டர் நின்றேவிட்டது. மேட்டில் நின்ற வண்டியைக் கிளப்ப முதல் கியர் வேண்டும். முழங்கையைத் திறக்கும் வரை திறந்தேன். மிச்சத்துக்குத் தோள்பட்டை முதுகில் சறுக்கி முன்னால் வந்தது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. வண்டி ஒரு சாண்கூடப் பின்வாங்காமல் மேலேறியது. பயிற்சியாளர் என் முழங்கையை விட்டுச் சாலையைப் பார்த்தார். என் கணக்கில் நான் தேறிவிட்டேன். அவருடைய கணக்கு தெரியவில்லை.

திண்டிவனம் நிலையத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தியதும், ஒரு மூட்டை மல்லாட்டைக் கடலையோடு ஓர் அம்மாள் படியில் காலை வைத்துவிட்டார்.

"விழுப்புரம் போவுமா?"

"போவாதும்மா, எறங்கு. டெஸ்ட்டு வண்டி" என்றார் பயிற்சியாளர். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, "நாளைக்கு வா. இவருதான் ஓட்டினு வருவாரு" என்றார்.

"நாளைக்கு இங்க எனக்கு இன்னா வேல?" என்று மூட்டையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அந்த அம்மாள் அடுத்த வண்டியை நோக்கி ஜல்தியாக நடந்தார்.