தனம் அக்காவின் அரை வயிறு

கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மாமா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். “உங்க அக்காவுக்கு முடியலையாம், கெளம்பு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் என் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்காவை முகத்தோடு சேர்த்து மூடியிருந்தார்கள். பிள்ளை உயிரோடு இருந்தது. பெண் பிள்ளை. ஒரு கையில் தூக்கிவிடலாம் போல இருந்தது.

ஓசூர் கம்பெனியில் தனம் அக்காவோடு வேலை பார்த்த அக்காக்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். தெரிந்தால் அப்பா அடிப்பார். சாவுக்கு நீங்கள் கம்பெனி உடுப்போடு வந்தீர்கள். “இப்படி எலும்பா போயிட்டாளே, என்னம்மா ஆச்சு?” என்று உங்களில் புவனா அக்கா கேட்டார். “ஒண்ணும் தங்கலம்மா, எல்லாம் வாந்தி. அவ விதி” என்று அக்காவின் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அக்காவுக்கு வாந்தி மூன்றாம் மாதத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நின்றது சாப்பாடுதான்.

உங்கள் கேன்டீனைப் பற்றி அக்கா ஓயாமல் பேசுவாள். “குழம்பு ஊத்துற அண்ணன், நான் கை காட்டி நிறுத்துற வரைக்கும் ஊத்துவாருடி” என்பாள். அப்பா சாப்பிட்டு எழுந்தபின் மிச்சத்தைப் பங்கு போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் அது அவளுக்குப் பெரிய அதிசயம். கல்யாணமாகிக் குருபரப்பள்ளிக்குப் போன பிறகும் கம்பெனி பஸ்ஸில் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். மூன்றாம் மாதத்தில் மாமியார் நிறுத்திவிட்டார். “வயித்துல புள்ளைய வச்சினு பஸ்ஸுல குலுங்கினு போவியா? மருமவ சம்பாத்தியத்துல கஞ்சி குடிக்கிறாங்கன்னு ஊரு பேசும்” என்றார். சம்பளம் போனது எல்லோருக்கும் தெரிந்தது. அவள் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே வேளைச் சோறும் அதோடு போனது யாருக்கும் உறைக்கவில்லை.

அரையாண்டு லீவில் அக்காவுக்கு ஒத்தாசையாக என்னை அங்கே அனுப்பினார்கள். முன்பக்கம் ரோட்டைப் பார்த்த அவர்கள் ஹோட்டல், பின்பக்கம் வீடு. லாரிக்காரர்களுக்காக அக்கா களி கிளறினாள், மசாலா அரைத்தாள், முட்டை பொரித்தாள். அந்த வாசனையில் எனக்கே வாயூறும். “விக்கிற சாமான்ல கைய வெக்காத” என்பது மாமியார் போட்ட சட்டம். ஆண்கள் சாப்பிட்டு முடித்த பிறகு அக்காவுக்குப் பாதிக் களியும், அடியில் தங்கிய குழம்பும். இன்னும் கொஞ்சம் கேட்டால், “புள்ள பெருத்தா வயித்த கிழிக்கணும். நான் கூழ குடிச்சே அஞ்சு பெத்தேன்” என்பார். நர்சம்மா கொடுத்துவிட்டுப் போன சத்து மாத்திரைகளையும் அதே காரணம் சொல்லி அடுப்பில் போட்டார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அதை நிஜமாகவே நம்பினார். ஆனால் அந்த நம்பிக்கை கடைக்கு லாபமாகவும் இருந்தது.

ஒருநாள் ஆந்திராப் பக்கத்து டிரைவர் ஒருவர் தட்டை வாங்கும்போது அக்காவின் முகத்தைப் பார்த்து, “நுவ்வு தின்னாவா அம்மா?” என்று கேட்டார். நீ சாப்பிட்டாயா என்று அந்த வீட்டில் அவளைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அக்கா சிரித்துத் தலையாட்டினாள். “டிரைவருகிட்ட என்னாடி இளிப்பு?” என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. பாத்திரம் தேய்க்கும்போது அக்கா என்னிடம் சொன்னாள்: “ரெண்டு உசுருக்குச் சேத்துச் சாப்பிடணும்னு சொல்றாங்க. இங்க நாங்க ரெண்டு பேரும் சேந்தாலே அரை ஆளுதான்டி.”

ஏழாம் மாதம் வளைகாப்பு. அம்மா ஏழு வகைச் சாதம் கிளறித் தூக்குகளில் அடைத்து ஓசூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுபோனாள். வந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க அக்கா ஒவ்வொன்றிலும் ஒரு வாய் சாப்பிட்டாள். “போதும், எழுந்திரு” என்றார் மாமியார். மீதியை அக்காவுக்கு எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு நாங்கள் எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றோம். அப்போதுதான் பார்த்தோம். அம்மா செய்த புளிசாதம் கடை பெஞ்சில் தட்டுத் தட்டாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கை நிறைய வளையலோடு அக்காவே பரிமாறிக்கொண்டிருந்தாள். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம் என்று அம்மா கேட்டதற்கு, “ஒம்பதாம் மாசம் பொறக்கட்டும். இப்பவே அனுப்பிட்டா கடைய யாரு பாக்கறது?” என்று பதில் வந்திருந்தது. ஒன்பது பிறப்பதற்குள் வலி வந்துவிட்டது. “ஒடம்புல ரத்தமே இல்லையே, என்ன சாப்பாடு குடுத்தீங்க?” என்று டாக்டரம்மா அக்கா புருஷனைக் கேட்டாராம். அவர் தரையைப் பார்த்தாராம்.

காரியம் முடிந்த அன்றே பேச்சு தொடங்கிவிட்டது. “சின்னவள குடுத்துடுங்க. சித்தியே அம்மாவா இருந்தா புள்ளைக்கு நல்லது” என்கிறார்கள் அக்கா புருஷன் வீட்டில். நான் பத்தாம் வகுப்பு. பரீட்சை எழுதட்டும் என்று அம்மா மட்டும் மெதுவாகச் சொன்னாள். அப்பா பதிலே சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்பா பேசாமல் இருந்தால் சம்மதம் என்று பொருள். ஞாயிற்றுக்கிழமை பூவோடு வருகிறார்கள்.

அக்காவின் நகை அவர்களிடம், பிள்ளை அவர்களிடம். நான் வைத்துக்கொள்வது அவளுடைய பசியை. அவள் அதைச் சிரித்து மறைத்தாள். நான் மறைக்கப்போவதில்லை. கேட்டால் மாட்டேன் என்பேன். ஏன் என்று கேட்டால், அவள் எதனால் செத்தாள் என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. தனியாக நின்று சொன்னால் என் குரல் வெளியே வராது. ஞாயிறு உங்களுக்கு லீவு. புவனா அக்கா, நீங்கள் நாலு பேர் வந்து எங்கள் வீட்டில் உட்காருங்கள். நீங்கள் எதுவும் பேச வேண்டாம்.