ஹெட்லி பின்னக் அடித்த கூரை

"நான் அடிச்ச கூரையை ஆண்டவனே இறங்கி வந்தாலும் கழட்ட முடியாது!"

ஏணி உச்சியிலிருந்து தெருவுக்கே இப்படி அறிவித்துவிட்டுத்தான் தச்சர் ஹெட்லி பின்னக் சுத்தியலை ஓங்குவார். வாய் நிறைய ஆணி இருந்தாலும் சொல் சிதையாது. மொரான்ட் பே வட்டாரத்தில் வேறெந்தத் தச்சருக்கும் இந்தத் திறமை கிடையாது.

ஆண்டவன் வரவில்லை. எண்பத்தெட்டு செப்டம்பரில் கில்பர்ட் புயல் வந்தது. ஜமைக்காவின் கிழக்கு முனையில், அதாவது எங்கள் வாசலில், கால் வைத்தது. எந்த ஊருக்கும் மனக்குறை வேண்டாம் என்பதுபோல் தீவின் முழு நீளத்தையும் மிதித்துவிட்டு மேற்கே கடலில் இறங்கியது. வாழைத் தோட்டங்கள் தரையோடு படுத்தன. யார் வீட்டுத் தகரம் யார் வீட்டு மாமரத்தில் என்ற வழக்கு வாரக்கணக்கில் நடந்தது.

ஹெட்லியின் வேலை அப்படி அநாகரிகமாகச் சிதறவில்லை. விதவை மிஸ் அயோனியின் (எங்கள் ஊரில் வயதான ஆணெல்லாம் 'மாஸ்', பெண்ணெல்லாம் 'மிஸ்') கூரை கைமரம், தகரம், ஆணி சகிதம் முழுசாகக் கிளம்பி, கிரிக்கெட் மைதானத்தின் நடுவில் அமர்ந்தது. அந்த அம்மாள் சமையல் மேசைக்கடியில் நனைந்து கிடந்தார்.

ஹெட்லி கூரையைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார். "பாத்தீங்களா? ஒரு ஆணி அசையல. கூரை கெட்டியாத்தான் இருக்கு. வீடுதான் கூடப் போகல!"

"மாஸ் ஹெட்லி, சுவத்தோட சேத்துக் கட்ட மறந்துட்டியே!"

"சுவரு கொத்தனார் பாடு, மிஸ் அயோனி."

அதே கூரையை அதே வீட்டில் அவரே மாட்டினார். "இப்ப சுவத்தோடயும் கட்டியாச்சு" என்றார். எதை வைத்து என்று கேட்டால் ஆணிகளை வாயில் போட்டுக்கொள்வார். அப்போது மட்டும் பேச்சு புரியாது.

போன செப்டம்பரில் ரேடியோ இன்னொரு புயலைச் சொன்னது. மிஸ் அயோனி சாராயக் கடைக்கே வந்துவிட்டார்.

"வீட்டுல இருக்கவா, பள்ளிக்கூடத்துக்குப் போகவா? மறைக்காம சொல்லு. இந்த முட்டியை வச்சுக்கிட்டு மேசைக்கடியில இனிமே நுழைய முடியாது."

"என் கூரைக்குக் கீழ நிம்மதியாத் தூங்குங்க!"

"அப்ப நீயும் அங்கயே போய்த் தூங்குய்யா" என்றார் கடைக்காரர். கடையே சிரித்தது.

மத்தியானம் காற்று தென்னைகளை வளைக்கத் தொடங்கியபோது, ஹெட்லி மிஸ் அயோனியின் வாசலில் நின்றார்.

"தூங்க வந்தியா?"

ஹெட்லி அந்த அம்மாளின் துணிமூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். ஒரு கையில் கோழிக்கூடை, மறு கையில் மிஸ் அயோனியின் கை. கூரைப் பக்கம் நிமிர்ந்தே பார்க்காமல், பள்ளிக்கூடத்தின் கான்கிரீட் கட்டடத்தை நோக்கி அந்த அம்மாளின் முட்டிக்கு ஏற்ற நடையில் நடந்தார்.