நல்ல கண்ணை மூடியவர்

லென்ஸ்காரர் டீ ஊற்றுவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். பாத்திரத்தின் மூக்கைக் கோப்பையின் விளிம்பில் முட்டவைத்து, முட்டியதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, அதற்குப் பிறகுதான் சாய்ப்பார். அப்படிச் செய்யாவிட்டால் டீ மேஜைக்குப் போய்விடும், கோப்பை காலியாக நிற்கும். இடது கண் அவருக்குப் பெயருக்குத்தான் கண். ஊருக்கெல்லாம் கண்ணாடி செய்து கொடுக்கிற மனிதரின் சொந்தக் கண்ணாடியில் இடப்பக்க லென்ஸ் சும்மா ஜோடி சேர்ப்பதற்காக வைத்தது.

வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கண்ணில் ஒரு குறையும் தெரியாது. அதனால்தான் சின்ன வயதில் யாரும் கவனிக்கவில்லை. பெரிய வகுப்புக்குப் போன பிறகு பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை செய்ய வந்த டாக்டர்தான் வலது கண்ணை மூடிவிட்டு, "படி" என்றார். பலகையே தெரியவில்லை. "கண்ணுல ஒண்ணும் இல்ல தம்பி. சின்னக் குழந்தையா இருக்கும்போதுதான் மூளை பார்க்கக் கத்துக்கும். அப்போ இந்தக் கண்ணுலேர்ந்து தெளிவா எதுவும் போகல. அது இந்தக் கண்ணை ஒதுக்கிட்டு இன்னொண்ணை மட்டும் வச்சே கத்துக்கிச்சு. இப்போ ரொம்ப லேட்." சோம்பேறிக் கண் என்று அதற்குப் பெயராம். வீட்டில் அன்றைக்கு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். வேறென்ன செய்வார்கள்?

லாரி ஓட்டவேண்டும் என்பது அவர் ஆசை. ஒற்றைக் கண்ணுக்கு யார் லைசென்ஸ் கொடுப்பார்கள்? கண்ணாடிக்கடை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து, லென்ஸைப் பிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்தும் வேலையைக் கற்றுக்கொண்டார். இப்போது வீட்டு முன்னறையில் தேய்க்கும் மெஷின் இருக்கிறது. கடைகளிலிருந்து பிரேமும் லென்ஸும் பையில் வரும். கொண்டுவருகிற ஆள் வண்டியை அணைக்காமலே பையை நீட்டிவிட்டு, முடிந்ததை வாங்கிக்கொண்டு பறந்துவிடுவான். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள். தூர தேசத்தில் இருக்கும் அண்ணன் எப்போதாவது போன் செய்வார், பாதிப் பேச்சு அங்கே மழையா வெயிலா என்பதிலேயே போய்விடும். சில நாள் சாயங்காலம் லென்ஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு "ஹலோ" என்று தனியாகச் சொல்லிப் பார்ப்பார், குரல் இன்னும் இருக்கிறதா என்று.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் மாடி வீட்டுக் குழந்தை வந்தது. அவள் அப்பாவுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில். அம்மா துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். "அண்ணே, மத்தியானம் நர்சரி வேன் கொண்டுவந்து விடும். நான் வர்ற வரைக்கும் உங்க கண்ணு முன்னாடி இருந்தா போதும்ணே" என்று ஒருநாள் கெஞ்சினாள். அவர் பெரிய மனது பண்ணி ஒத்துக்கொள்வது போலத் தலையாட்டினார். உள்ளுக்குள் என்னவோ செய்தது.

குழந்தைக்கு அப்போது மூன்று முடிந்திருந்தது. புது பிரேம்களில் லென்ஸுக்குப் பதிலாகப் பெயருக்கு மாட்டி வரும் பிளாஸ்டிக் சில்லுகளை அவர் கழற்றிப் போடுவார். அவற்றைப் பொறுக்கி டப்பாவில் சேர்ப்பதுதான் அவளுக்குத் தொழில். அதனால் சில்லு என்றே கூப்பிட்டார். சில்லு வாய் ஓயாமல் பேசுவாள். "மாமா, மெஷின் ஏன் கத்துது? பசியா?" "ஆமா, கண்ணாடி தின்னா பசி அடங்குமா சொல்லு?" வேன் வரும் நேரத்துக்கு முன்பே மெஷினை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். அவள் வந்தால்தான் அன்றைய நாளே தொடங்கியது போல இருக்கும்.

ஒருநாள் நீலச் சில்லு ஒன்றை அவளிடம் நீட்டினார். அவள் கை சில்லுக்கு முன்னாலேயே காற்றைப் பிடித்து மூடிக்கொண்டது. மறுபடியும் நீட்டினார், மறுபடியும் காற்று. அவர் விளையாட்டுப் போலத் தன் உள்ளங்கையால் அவள் வலது கண்ணை மூடினார். அவள் கையைத் தட்டிவிட்டு, "இருட்டா இருக்கு மாமா" என்றாள்.

அவர் சொல்லித் தாய் குழந்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் நல்ல மனுஷி. சோதித்துப் பார்த்துவிட்டு, "சரியான வயசுல கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்று சொல்லி, கண்ணாடியும் நல்ல கண்ணில் ஒட்டப் பிளாஸ்திரியும் எழுதிக் கொடுத்தார். நல்ல கண் தினமும் சில மணி நேரம் மூடிக்கிடந்தால் மூளைக்கு வேறு வழியில்லாமல் போகும், சோம்பேறிக் கண்ணை வேலை வாங்கியே தீரும். சின்ன வயதில் இது நன்றாகக் கைகொடுக்கும், போகப்போகக் கஷ்டம். கண்ணாடியை லென்ஸ்காரரே செய்தார். இடப்பக்கம் தடித்த லென்ஸ். அவ்வளவு பயந்து பயந்து அவர் எந்த லென்ஸையும் தேய்த்ததில்லை.

பிளாஸ்திரி காலையில் நர்சரிக்குப் போகும்போது ஒட்டுவது, மத்தியானம் வேனில் ஆயா எடுத்துவிடுவது என்று ஏற்பாடு. மாதங்கள் போயின. டாக்டரிடம் காட்டினால் முன்னேற்றம் என்று ஒன்றும் இல்லை. தாய் முகம் வாடிப்போய் வந்தாள். லென்ஸ்காரர் தான் தேய்த்த லென்ஸில்தான் கோளாறோ என்று எடுத்து எடுத்துப் பார்த்தார்.

அப்புறம் ஒருநாள் ஆயா எடுக்க மறந்துவிட்டாள். சில்லு பிளாஸ்திரியோடு துள்ளிக்குதித்து உள்ளே வந்து, ஓடிப்போய் டப்பாவைத் திறந்து சில்லுகளைப் பரப்பினாள். பிளாஸ்திரி ஒட்டியிருந்தது தடித்த லென்ஸுக்குப் பின்னால். சோம்பேறிக் கண்ணில்.

சாயங்காலம் தாயிடம் கேட்டார். அவள் முதலில் கோபப்பட்டாள், பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மொத நாளு டாக்டரம்மா சொன்னபடிதான்ணே ஒட்டினேன். வீட்டையே ரெண்டாக்கிட்டா. சுவத்துல முட்டிக்கிறா, அம்மா அம்மானு காத்துல தேடுறா. என்னால பார்க்க முடியல. சரி, இந்தப் பக்கம் ஒட்டிப் பார்ப்போம்னு ஒட்டினேன், சிரிச்சிட்டே போனா. கால் சுளுக்கினா அந்தக் காலுக்குத்தானே ரெஸ்ட் குடுப்போம்? முடியாத கண்ணு கொஞ்சம் இளைப்பாறட்டும்னு மனசைச் சமாதானப்படுத்திக்கிட்டேன்."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. பிள்ளை சிரித்துக்கொண்டு போகவேண்டும் என்று நினைப்பது ஒரு குற்றமா? ஆனால் போன மாதங்கள் போனதுதான்.

"இனிமே நீ ஒட்டவேண்டாம். மத்தியானம் இங்க வருவால்ல, நான் ஒட்டுறேன். அழுதா என்கிட்ட அழட்டும்" என்றார்.

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். உலகத்தில் தன்னைத் தேடி ஓடி வருகிற கால்கள் இரண்டே இரண்டு. நாளைக்கு அந்தக் கால்கள் ஓடி வராது. தாய் எவ்வளவு அடித்தாலும் குழந்தை அவள் மடியிலேயே போய்த் தூங்கும், அது இரத்த பந்தம். கீழ்வீட்டு மாமாவுக்கு அப்படி என்ன பிடிமானம்? விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார். பிறகு டீ போடப் போனார். பாத்திரத்தின் மூக்கைக் கோப்பையில் முட்டவைக்கும்போது கை நின்றது.

மறுநாள் ஒட்டினார். சில்லு கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கன்னத்தில் பிறாண்டினாள், கையைக் கடித்தாள், பிளாஸ்திரியைப் பிய்த்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்றை எடுத்து ஒட்டினார். அதற்கடுத்த நாளும். "மாமா வேணாம்! கெட்ட மாமா!" வேன் சத்தம் கேட்டு முன்பெல்லாம் அவர் முகம் மலரும். இப்போது ஆயா அவளை இழுத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது.

நாளாக நாளாக அழுகை ஓய்ந்தது. அதைவிட அழுகையே தேவலை. மேஜைக்கு அடியில் போய், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவர் வெள்ளைத் துணியில் சில்லுகளைப் போட்டுத் தள்ளிவிடுவார். பெரியது முதலில், பிறகு சின்னது, பிறகு பிரேமின் திருகாணி. அவளுக்குச் சும்மா இருக்கப் பிடிக்காது, தடவித் தடவிப் பொறுக்குவாள். கொஞ்ச காலம் போனதும் தடவுவதை விட்டாள். ஒரு மத்தியானம் அவர் கையிலிருந்து குட்டித் திருகாணி நழுவித் தரையில் ஓடியது. அவர் நாலு காலில் தவழ்ந்து தேடிக்கொண்டிருக்கும்போது, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு, எறும்பைப் பிடிப்பது போல அதை எடுத்து அவர் பக்கம் வைத்தது. நல்ல கண்ணில் பிளாஸ்திரி அப்படியே இருந்தது.

"சில்லு! நீயா பார்த்தே?"

அவள் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். அவர் தரையிலேயே உட்கார்ந்து அழுதார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

பெரிய பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பு டாக்டர் சோதித்துவிட்டு, "இனிமே பிளாஸ்திரி வேணாம், கண்ணாடி போதும்" என்றார். தாய் ஓடி வந்து லென்ஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களை எப்படிண்ணே மறப்பேன்" என்றாள். அவர் பார்வை அவள் பின்னால் போனது. அங்கே யாரும் இல்லை. சில்லு மாடியை விட்டு இறங்க மறுத்துவிட்டாளாம்.

புதுப் பள்ளிக்கூடம் சாயங்காலம் வரை. மத்தியானங்கள் மறுபடியும் மெஷினுக்கே சொந்தமாயின. சில்லு டப்பா அலமாரியில் இருக்கிறது, அவர் இன்னமும் கழற்றியதையெல்லாம் அதில் போடுகிறார். அவளுக்கு இந்த நாட்கள் நினைவில் நிற்கப்போவதில்லை. அந்த வயதில் கற்றது ஒட்டிக்கொள்ளும், கற்ற கதை உதிர்ந்துவிடும். ஒரு முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு, பார்ப்பது என்பது எல்லோருக்கும் தானாக வருவது என்று நினைத்துக்கொண்டு அவள் போவாள். போகட்டும், அதற்குத்தானே. ஆனாலும் தெருவில் எந்த வேன் சத்தம் கேட்டாலும் கை தானாக மெஷினை அணைத்துவிடுகிறது.

காலையில் அவர் வாசலில் நிற்பார். சில்லு தடதடவென்று மாடிப்படி இறங்கி வருவாள். அவரைக் கண்டதும் சட்டென்று உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொள்வாள், மாமா வந்து மறுபடியும் ஒட்டிவிடக்கூடாதே என்று. பொத்திக்கொண்டே, இடது கண்ணால் அவரை ஒரு முறை முறைப்பாள். அந்தக் கண்ணாலேயே பார்த்து, ஒரு படிகூடத் தவறாமல் இறங்கித் தெருவுக்கு ஓடிவிடுவாள்.