கஞ்சியும் பயறும் தின்ற ஏசுஅடிமை

என் அண்ணன் ஏசுஅடிமையைப் பற்றி யாராவது நல்லவிதமாகச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும். அவனுக்கு ஒரு வேளை சோறு விளம்பியவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். ஐம்பத்து நான்கு வயது வரை அந்த மனிதன் ஒரு நாளும் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. உப்பு கூடிப்போச்சு என்பான், புளி காணாது என்பான், கடைசியில் சட்டியை வழித்துத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு எழுந்துபோவான். அவன் மனைவி ஷீஜா மதினி முப்பது வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நானாக இருந்தால் முதல் வாரமே சட்டியை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன்.

பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வள்ளத்தில் ஏறியவன். என்னைப் படிக்க வைத்ததும் அவன்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நன்றி கெட்டவள் என்பீர்கள். அவன் பிடித்த மீனில் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கருங்கல் பக்கம் கல்யாணமாகிப் போய், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளரும் ஆகிவிட்டேன். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் உத்தியோகம். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது, எவன் முட்டையை ஒளித்துவைப்பான், எல்லாம் எனக்கு அத்துப்படி. சாப்பாட்டு விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற திமிர் இருந்தது.

போன ஆனி மாதம் அண்ணனுடைய வள்ளம் கவிழ்ந்தது. உடன் போனவன் ரெஜின், முப்பத்திரண்டு வயது. சொந்தக்காரன் இல்லை, ஆனால் ஒன்பது வருடமாக இவனோடுதான் கடலுக்குப் போவான். இரண்டு பேரும் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். வேறு வள்ளக்காரர்கள் வந்து பார்த்தபோது அண்ணன் மட்டும்தான் இருந்தான். ரெஜினுடைய உடல் கிடைக்கவே இல்லை. அவன் மனைவி ஜெனிலாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் வீட்டில் ஆள் இருக்க முடியாமல் போனது. தூக்கம் கிடையாது. தொட்டதற்கெல்லாம் கத்தல். ஒரு நாள் சாளைக் குழம்பில் முள் இருந்தது என்று சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தான். சாளையில் முள் இல்லாமல் பூவா இருக்கும்? பெரியாஸ்பத்திரி டாக்டர் கொடுத்த மாத்திரையை இரண்டு நாள் விழுங்கிவிட்டு மூன்றாம் நாள் அதையும் எறிந்தான். மதினி எனக்குப் போன் போட்டு அழுதாள்.

அப்போதுதான் எங்கள் பள்ளி டீச்சர் ஒருத்தி பூதப்பாண்டியில் இருக்கும் தாணப்பன் வைத்தியரைப் பற்றிச் சொன்னாள். மனசு கெட்டுப்போனவர்களைச் சாப்பாட்டாலேயே சரியாக்குகிறார் என்றாள். சாப்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது நீண்டுவிட்டது. அண்ணனை இழுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன்.

வைத்தியர் நல்ல மனிதர், நிதானமாகப் பேசினார். தின்ற சோற்றில் தடித்த பாகம் கழிவாகப் போகும், நடுப் பாகம் தசையாகும், எல்லாவற்றிலும் நுண்ணிய பாகம்தான் மனசாகும் என்றார். காரமும் புளியும் உப்பும் கூடினால் ரஜோகுணம் ஏறும், மனசு ஓரிடத்தில் நிற்காது, கோபம் வரும். பழையதும் கருவாடும் கள்ளும் தமோகுணம், மனசை மந்தமாக்கிச் சோம்பலில் தள்ளும். அப்போது சமைத்த அரிசி, சிறுபயறு, நெய், பால், பழம் இவைதான் சத்துவகுணம், மனசைத் தெளியவைக்கும். அவர் சொல்லச் சொல்ல நான் எங்கள் வீட்டு அடுக்களையை நினைத்துப் பார்த்தேன். அங்கே சத்துவகுணம் உள்ளது குடிதண்ணீர் மட்டும்தான்.

மூன்று மாதத்துக்குச் சிறுபயறு போட்ட கஞ்சி, கொஞ்சம் நெய், மீனே கூடாது என்று எழுதிக்கொடுத்தார். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார், அதை இங்கே சொல்லாவிட்டால் பாவம். நான் அந்தச் சீட்டைப் பிரேம் போடாத குறையாக மதினி வீட்டு அடுக்களைச் சுவரில் ஒட்டினேன். அண்ணன் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பத்தியம் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாளில் ரெஜினுடைய நாற்பத்தொன்றாம் நாள் வந்தது. உடல் கிடைக்காததால் படத்தை வைத்துப் பூசை. பூசை முடிந்து ஜெனிலா வீட்டில் சாப்பாடு. எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் போனவனோடு ஒரே வள்ளத்தில் இருந்து உயிரோடு திரும்பியவனுக்குத்தான் முதல் இலை. செத்தவன் பெண்சாதி தன் கையால் அவனுக்கு மீன்குழம்பு விளம்புவாள். அவன் அதைத் தின்ன வேண்டும். உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று அவள் வாயால் சொல்ல வேண்டியதில்லை, விளம்பினால் போதும். அவன் தின்றபிறகுதான் அந்த வீட்டார் மீன் தொடுவது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? அந்தக் கரையில்தானே பிறந்தேன்!

தெரிந்துதான் செய்தேன். ஜெனிலா தன் கையால் அயலை மீன் துண்டை அண்ணன் இலையில் வைத்தாள். நான் பாய்ந்துபோய், ஐயோ இவனுக்குப் பத்தியம், மீன் கூடாது என்று எல்லாரும் கேட்கச் சொல்லி இலையை மடக்கி எடுத்துவிட்டேன். தூக்குவாளியில் கஞ்சியும் பயறும் கொண்டுபோயிருந்தேன் பாருங்கள், அவ்வளவு கருத்து! அதைக் கிண்ணத்தில் ஊற்றி முன்னால் வைத்தேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஜெனிலாவைப் பார்க்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டான். மற்றவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்கள். நான் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து அண்ணனுடைய கத்தல் நின்றுபோனது. சுவிட்சை அணைத்ததுபோல் நின்றது. காலையில் கஞ்சியும் பயறும், மத்தியானம் கஞ்சியும் பயறும். உப்பு கூடியதா குறைந்ததா என்று ஒரு வார்த்தை இல்லை. நான் சத்துவகுணம் ஏறிவிட்டது என்று பெருமைப்பட்டேன். ஸ்டாஃப் ரூமில் போய் டீச்சர்களிடம் சொன்னேன். அமைப்பாளரம்மா அண்ணனையே மாற்றிவிட்டார்களே என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை.

மதினி மட்டும் முகம் செத்துப்போய் இருந்தாள். அவன் கடல் பக்கம் போகவில்லை. கூட்டாளிகள் வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். வலையைப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டான். கல்யாண மோதிரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தான். நான் போயிருந்தபோது மதினி என்னை அடுக்களைக்குள் இழுத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பிள்ளே ஜெபமணி, இது சொகமானது இல்ல. போறவன் ஒவ்வொண்ணா ஒதுக்கி வைக்கியது மாதிரி வைக்காரு. எனக்குப் பேடியா இருக்கு.”

பற்று விடுவதும் சத்துவகுணம்தான் மதினி, சும்மா கிடந்து பயந்து வெப்ராளப்படாதீங்க என்று நான் சொன்னேன். என் வாயை நானே தைத்திருக்கலாம்.

மூன்று மாதம் முடிந்ததும் பூதப்பாண்டிக்குத் தனியாகப் போனேன். நல்ல செய்தி சொல்லத்தான் போனேன். வைத்தியர் கேட்டுக்கொண்டே இருந்தார், முகத்தில் சந்தோஷம் தெரியவில்லை. சாப்பிடும்போது அண்ணன் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டார். கல் மாதிரி இருக்கும் என்றேன். சாப்பாட்டைப் பற்றி ஏதாவது சொல்வாரா என்றார். ஒன்றும் சொல்லமாட்டான், அதுதானே அதிசயம் என்றேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“கஞ்சியும் பயறும் உங்க ஊர்ல எப்பம்மா சாப்பிடுவாங்க?”

“பெரிய வெள்ளிக்கிழம சாப்பிடுவோம். பெறவு சாவு வீட்டுல, அடக்கம் கழியது வரைக்கும்.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அடக்கமே நடக்காத ஒரு சாவுக்கு மூன்று மாதமாக அவனுக்குச் சாவு வீட்டுக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டாமா, நெல்லு விளையும் ஊரில் இருந்துகொண்டு எல்லாரும் உங்களைப்போல் என்று நினைத்தீர்களா என்று கத்தினேன். கேட்டிருக்கணும், என் தப்புதான் என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார். சண்டைக்கு நிற்கிறவளிடம் இப்படி ஒத்துக்கொண்டால் அவள் என்ன செய்வாள்? ஒருவனுக்குப் பிறந்ததிலிருந்து பழகிய சாப்பாட்டுக்குச் சாத்மியம் என்று பெயர், அது சத்துவத்தைவிடப் பெரியது, அதைப் பார்க்காமல் எதையும் விலக்கக் கூடாது என்று பழைய ஆட்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள் என்றார். தின்கிறவன் மனசு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் சோறும் உடம்பில் போய்ச் சேரும் என்றார். மீன் கொடுங்கள், உடனே கொடுங்கள், ஆஸ்பத்திரி டாக்டரிடமும் மறுபடி கூட்டிப்போங்கள் என்று சீட்டின் பின்பக்கம் எழுதினார்.

மறுநாள் காலை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுக் கரைக்குப் போனேன். மதினி நெத்திலி வைத்தாள். அண்ணன் தொடவில்லை. பத்தியம் முடிந்தது, வைத்தியரே சொல்லிவிட்டார் என்று சீட்டைத் திருப்பிக் காட்டினேன். அவன் அதைப் பார்க்கவில்லை. கெஞ்சினேன். திட்டினேன். கடைசியில் உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டேன். மூன்று மாதத்தில் முதல்முறையாக அவன் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினான்.

“அவ வெளம்புனா. நீ எலைய எடுத்த. நானும் எழும்பிட்டேன். வெளம்புனத விட்டுட்டு வந்தவனுக்கு இனி எவ கொடுப்பா?”

கோபத்தில் சட்டியைத் தூக்கி எறிகிறவன், மூன்று மாதமாக என்னை ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தக் கஞ்சியைக் குடித்திருக்கிறான். தண்டனை என்று நினைத்துக் குடித்திருக்கிறான். மடையன். ஏட்டி, நீ செய்தது தப்பு என்று ஒருமுறை கத்தியிருந்தால் அன்றைக்கே அவளிடம் போய்க் காலில் விழுந்திருப்பேனே!

செருப்பைக்கூடப் போடாமல் ஜெனிலா வீட்டுக்குப் போனேன். அவள் என்னைப் பார்த்ததும் நாற்காலியை எடுத்துப் போட்டாள். நான் உட்காராமலே நடந்ததெல்லாம் சொன்னேன். என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம், அதற்கு நான் தயாராகத்தான் போனேன். பாழாய்ப்போன பிள்ளை அதுவும் செய்யவில்லை. இன்று நல்ல அயலை கிடைக்குமா அக்கா என்று மட்டும் கேட்டாள்.

மத்தியானம் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்தாள். மதினி இலை போட்டுச் சோறு வைத்தாள். அண்ணன் ஜெனிலாவைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். நான் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தேன். ஜெனிலா தரையில் உட்கார்ந்து, குழம்பை ஊற்றி, துண்டை எடுத்து இலையில் வைத்தாள். அவன் கை மடியிலேயே கிடந்தது.

“அண்ணைக்கு எழும்பிப் போனீங்கல்லா அண்ணா. எனக்க மேல என்ன கோவம்ணு நெனச்சு நெனச்சு எனக்குத் தல வெடிச்சுப் போச்சு.”

“எனக்கா கோவம்?” அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். “மக்கா, எனக்க கை மரத்துப் போச்சு. அவனுக்க கைய நான்தான் விட்டேன்.”

மதினி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஜெனிலா தலை குனிந்திருந்தாள். பிறகு அகப்பையை எடுத்து இன்னும் கொஞ்சம் குழம்பை அவன் சோற்றில் ஊற்றினாள்.

“தெரியும் அண்ணா. அத்தன நேரம் பிடிச்சதும் நீங்கதான். சாப்பிடுங்க.”

அவன் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தான். அழுதுகொண்டே மென்றான், குழந்தைபோல் மூக்கெல்லாம் ஒழுகியது. இரண்டாவது வாய் தின்றான். மூன்றாவது வாய் தின்றான். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன்.

அப்போது ஜெனிலா பக்கத்தில் இருந்த வாழையிலைத் துண்டைத் துடைத்துத் தன் முன்னால் போட்டுக்கொண்டாள்.

“மதினி, எனக்கும் கொஞ்சம் சோறு வையுங்க. அவரு போனதுக்குப் பெறவு நானும் மீன் தொடல.”