வீரம்மாவின் எட்டுச் சுற்று

ஏழாவது சுற்றில்தான் வீரம்மாவுக்கு வாய் திறக்கும். "கங்காணி வாராருலா, காலைத் தூக்கிப் போடுங்க!" என்று முன்னால் நடக்கும் வங்கிக் குமாஸ்தாக்களை விரட்டுவார். ஈப்போ பாடாங் திடலில் விடிந்ததும் நடக்கிறவர்களில் நானும் ஒருவன். அந்த அதட்டலுக்குப் பயந்து எட்டி நடப்பவன்.

வீரம்மாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. சேலையைக் கணுக்காலுக்கு மேல் இழுத்துச் செருகியிருப்பார். காலில் பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளைச் சப்பாத்து. இருபத்தாறு வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் துண்டு துண்டாக விலைபோனபின், ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிறார். தூரத்தை இன்னும் மரவரிசையில்தான் அளப்பார்: "கோர்ட்டா? இங்கேருந்து நாலு நெரைதான்."

எண்பத்திரண்டாம் வருடம் அவருக்கு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. "இனிமே சீனியை அறவே விட்டுறணும்மா," என்றார் டாக்டர் கார்த்திகேசு. வீரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் பெயர் சீனி.

"முப்பது வருசமா பாக்குறேன் டாக்டர். விட்டாலும் போக மாட்டேங்குறாரு."

மாத்திரையோடு தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். "மரம் வெட்டுனப்ப நடந்ததெல்லாம் சேராதா?" என்று கேட்டுப் பார்த்தார் வீரம்மா. சேராதாம். நடந்தார், நேர்மையாக இரண்டு சுற்று. மூன்றாவது சுற்று திடலோர ஒட்டுக்கடையில் போய் நிற்கும். இனிப்புப் பால் தூக்கலாக, நுரைக்க ஆற்றிய ஒரு தே தாரேக், எண்ணெயில் பொரித்த இரண்டு கறிபாப். வீட்டில் கேட்டால் எட்டு ரவுண்டு.

ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது நெஞ்சு இறுகி, நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். சித்தியவானில் அக்கா மங்களமும் இதே நோயில் இப்படித்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவில்லை. "அன்னைக்குத்தாண்ணே பயந்துட்டேன். எமனுக்கு நம்ம வூட்டு நம்பர் தெரிஞ்சிபோச்சு," என்று என்னிடம் சொன்னார்.

இதயம் சோர்ந்திருக்கிறது என்றார்கள். மருந்து கூடியது. டாக்டர் சம்மதித்த பிறகு மெதுவாக ஒரு சுற்றில் தொடங்கி, மாதத்துக்கு ஒன்றாகக் கூட்டி எட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒட்டுக்கடை நெருங்கும்போது மட்டும் முகத்தை எதிரே இருக்கும் மசூதிப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

போன வாரம் நானும் மருந்து வாங்க டாக்டர் கார்த்திகேசுவின் கிளினிக்கில் இருந்தேன். டாக்டரின் அறைக் கதவு திறந்திருந்தது; உள்ளே வீரம்மா.

"தொண்ணூத்தாறா இருந்த நாடி எழுபத்திரண்டுக்கு வந்திருக்கும்மா. நடந்து நடந்து இதயம் பலமாயிருச்சு. ஒரு துடிப்புலயே நிறைய ரத்தம் தள்ளுது. ரத்தத்துல சீனியும் குறைஞ்சிருக்கு. அதுக்காக மாத்திரையை நிறுத்திடாதீங்க."

வீரம்மா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அப்போதுதான் மாடிப்படி ஏறி வந்திருந்த டாக்டருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வயிற்றருகே சட்டைப் பொத்தான் தெறிக்கப் பார்த்தது.

"நீங்க நடக்கிறதில்லையா டாக்டர்?"

"நமக்கு நேரம் எங்கம்மா இருக்கு?"

வீரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். டாக்டரின் மணிக்கட்டை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உதட்டுக்குள் எண்ணத் தொடங்கினார்.