வாப்பா காணாத பிறை

இந்த ஊரில் பிறை தொலைபேசியில் வருகிறது. வட இங்கிலாந்தில் வருடத்தில் பாதி நாள் வானமே தெரியாது. வெயில் காயும் ஏதோவொரு நாட்டில் கண்டதாகச் செய்தி வந்ததும், பள்ளிவாசலில் பெருநாளை அறிவித்துவிடுகிறார்கள். நான் தொழுவதில்லை, நோன்பு பிடிப்பதுமில்லை. ஆனாலும் அந்த மாலை மட்டும் ஆய்வுகூடத்து மேற்கு யன்னலை விட்டு நகரமாட்டேன்.

கூட வேலைசெய்யும் மார்கரெட் ஒருமுறை, "பிரார்த்தனையா?" என்று கேட்டாள். "கடவுள் நம்பிக்கை இல்லை. பிறை தெரிகிறதா என்று பார்க்கிறேன்" என்றேன். "ஆதாரம் தேடும் பழக்கம் இங்கே வந்துதான் பிடித்ததாக்கும்" என்று மெச்சினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பழக்கம் இலங்கையில் என் ஊரான மூதூரிலிருந்து என்னோடு கப்பலேறி வந்தது.

அறுபதுகளில் ஒரு நோன்பு மாதம். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்த நான், லீவுக்கு வந்து, இறைவன் இல்லையென்று வாய்க்கொழுப்போடு கதைத்துத் திரிந்தேன். இருபத்தொன்பதாம் நோன்பு மாலை, ஊரே இறங்குதுறையில் நின்றது. பிறை கண்டால் மறுநாள் பெருநாள். மேற்கே கிண்ணியாப் பக்கம் ஒரே முகில். அது ஒரு கணம் விலகியபோது கண்டது நான் மட்டும்தான்.

"அல்லாஹ் மேல சத்தியம் பண்ணுவியா?" என்று பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் கேட்டார்.

"கண்டது உண்மை. சத்தியம் பண்ண ஏலாது."

நம்பாத ஒன்றின் மேல் சத்தியம் செய்தால் அதுவும் பொய்தானே. "மார்க்கத்தப் பகிடி பண்றான்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். என் முகம் எரிந்தது. அன்று பிறை தெரியாமல் போனால், அந்த ஊரில் நான் காலத்துக்கும் பொய்யன். மரைக்கார் என் பக்கத்தில் நின்ற வாப்பாவிடம் திரும்பினார். வாப்பாவின் வாக்கை ஊரில் எவரும் தட்டமாட்டார்கள்.

"நீங்க கண்டதாச் சொல்லுங்க. அது போதும்."

"நான் காணாமச் சொல்ல ஏலாது" என்றார் வாப்பா. மகனைக் காப்பாற்ற ஒரு சொல் போதும், அதை அவர் சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "எங்க கண்ட நீ?" என்றார்.

"அந்தத் தோணிப் பாய்மரத்துக்கு மேல, ரெண்டு விரல் இடப்பக்கம். மல்லாந்து கிடக்கு. என்ன நம்ப வேணாம் வாப்பா, நீங்களே பாருங்க."

சாரன் நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நின்றார். பிறை இறங்கிவிடும் நேரம். முகில் விலகவே இல்லை. கடைசியில் ஒரு கீற்று வெளித்தது.

"வல்லாஹி, கண்டன்" என்று அல்லாஹ் மேல் சத்தியமிட்டார் வாப்பா. "மகன் சொன்ன இடத்திலதான் கிடக்கு."

அடுத்தடுத்துப் பலர் கண்டார்கள். "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் முழங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்றும் என் ஆய்வறிக்கைகள் எல்லாம் அந்த ஒரு பேச்சைத்தான் நீட்டிச் சொல்கின்றன: நம்ப வேண்டாம், இந்த இடத்தில் நின்று பாருங்கள். இதில் எனக்குப் பெருமைதான், அடக்கமெல்லாம் கிடையாது.

இதை மார்கரெட்டிடம் சொன்னேன். "அன்றைக்கு நம்பிக்கை வந்துவிட்டதா?" என்றாள். "இல்லை. வாப்பாவும் தன் நம்பிக்கையை விட்டுவிடவில்லை" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

வாப்பாவின் கடிதங்களில் "தொழுதியா?" என்ற கேள்வி இருக்காது. "பிறை கண்டியா?" என்றுதான் இருக்கும். மூன்று வருடமாக, "காணவில்லை, முகில்" என்றே எழுதினேன். நேற்றுக் கண்டேன். புகைபோக்கிக்கு மேலே, நம்மூரைப்போல மல்லாந்து கிடக்காமல், இங்கே அது நிமிர்ந்து நிற்கிறது. யன்னலடியில் தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தேன், அது மூதூர்ப் பிறையாகும்வரை.