கறுப்புக்கு ஆறாவது நகர்வு

அத்தான் சதுரங்கப் பலகையைத் தரையில்தான் வைப்பார். அவர் மட்டும் தரையில் உட்கார மாட்டார். சமையலறை முக்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால்களை அகல விரித்து, நடுவில் தெரியும் இடைவெளி வழியாகக் குனிந்து பலகையைப் பார்ப்பார். காயை நேராக மேலே தூக்குவார். ஆடாமல் ஒரு கணம் நிறுத்துவார். பிறகு கட்டத்தின் நட்டநடுவில் சத்தமில்லாமல் இறக்குவார். பதினாறு வருடமாகச் சரக்கு முற்றத்தில் கிரேன் ஓட்டியவர். நாற்பதடி உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட அறையில் உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கு நடுவே உலகத்தைப் பார்த்துப் பழகிய கழுத்து அது.

அவரைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டிருந்தார்கள். ஒரு மாலை அவர் இறக்கிய கன்டெய்னரின் மூலை, கீழே நின்ற டிரெய்லரின் முன்பக்கத்தை நசுக்கிவிட்டது. ஓட்டுநருக்குக் கால் முறிந்தது. அத்தான் சஸ்பெண்ட் ஆனார். விசாரணை முடிந்த பிறகுதான் வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியும்.

மேலே இருப்பவருக்குப் பெட்டியின் மறுபக்கம் தெரியாது. கீழே நிற்கும் சிக்னல்காரரின் கைதான் அவருக்குக் கண். கை தெரியாவிட்டால் நிறுத்த வேண்டும் என்பது முதல் விதி. அத்தானுக்குப் பதினோரு வருடமாகக் கை காட்டியவரை முற்றத்தில் எல்லோரும் 'கொடி' என்றே கூப்பிடுவார்கள். அன்றைக்குக் கொடியண்ணன் என்ன கை காட்டினார், காட்டினாரா இல்லையா என்பதில்தான் விசாரணையே நின்றது.

அந்தக் கொடியண்ணன், விபத்துக்குப் பிறகு வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாராவாரம் வீட்டுக்கு வரத் தொடங்கினார். வந்ததும் தரையில் சம்மணம் போட்டு, வெள்ளைக் காய்களைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"வெள்ளை எனக்கு. எங்க வேலையே முதல்ல கை காட்டுறதுதானே."

இருபது நிமிடத்தில் அவருடைய ராணியும் பிஷப்பும் அத்தானின் ராஜா வீட்டுக்குள் புகுந்துவிடும்.

"என்னப்பா மாடி, வாசலைத் திறந்து போட்டுட்டுத் தூங்குறியா?" என்று சிரிப்பார். 'மாடி' என்பது முற்றத்தில் அத்தானின் பெயர்.

மூன்று ஞாயிறு இப்படித் தோற்ற பிறகு அத்தான் என் அறைக்கு வந்தார். நான் அக்கா வீட்டின் பின்னறையில் தங்கி, ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். கட்டிலில் கிடந்த கவிதைப் புத்தகங்களைக் கவனமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

"மாப்ளே, ஜெயிக்கல்லாம் வேணாம். கறுப்புல உட்கார்ந்தா சட்டுனு உடையாம இருக்க ஏதாவது வழி இருக்கா?"

தேடிப் பார்த்தேன். காரோ-கான் என்ற தற்காப்பு கிடைத்தது. முதலில் ஒரு சிப்பாய் ஓரடி மட்டும் நகர்ந்து நிற்கும். அதன் பலத்தில் பக்கத்துச் சிப்பாய் நடுவுக்குப் பாயும். பிஷப் வெளியே போன பிறகே உள்ளே இருக்கும் சிப்பாயை நகர்த்த வேண்டும்.

"வண்டியை வெளிய அனுப்பிட்டுத்தான் கேட்டைச் சாத்தணும். சரியாத்தான் இருக்கு" என்றார் அத்தான்.

மாலைகளில் நான் வெள்ளை, அவர் கறுப்பு. ஆறாவது நகர்வில்தான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்வார். வெள்ளையின் ஓரத்துச் சிப்பாய் ஓடிவரும்போது, கறுப்பும் தன் ஓரத்துச் சிப்பாயை ஓரடி தள்ளி வைக்க வேண்டும். அத்தான் மறந்துவிடுவார், நான் பிஷப்பை அடைத்துப் பிடித்துவிடுவேன்.

"ஓரடி நகர்றதுக்கு ஒரு வாய்ப்பை வீணாக்கணுமா?"

"வீண் இல்ல அத்தான். பிஷப் பின்வாங்க ஒரு இடம் வேணும்ல."

 அவர் அந்தக் காயைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, பலகையில தேடுறதை விட்டுட்டு, எதிர்ல உக்கார்ற மனுஷன்கிட்ட விசாரணையில என்ன சொல்லப்போறேன்னு ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிக்குமா? ரெண்டு பிள்ளைங்க வளர்ற வீடு இது."

"ஆடிட்டிருக்கும்போது என்னத்தைக் கேக்குறது."

அவர் எழுந்து போனதும் என்னிடம் திரும்பினாள். "அன்னிக்குக் கொடியண்ணன் கிரேன் பக்கமே பாக்கலியாம்டா. முதுகைக் காட்டிக்கிட்டு யார்கிட்டயோ சீட்டு வாங்கிட்டிருந்தாராம். என்கிட்ட ஒரே ஒரு தடவை சொன்னாரு உங்கத்தான். அதை அங்க போய்ச் சொல்லக் கூடாதா?"

விசாரணைக்கு முந்தைய ஞாயிறு. கொடியண்ணன் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினார். அத்தான் வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு தன் ஓரத்துச் சிப்பாயை ஓரடி நகர்த்தினார். அடுத்த காயை எடுக்கப் போன கொடியண்ணனின் கை அப்படியே நின்றது.

"அட, யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க" என்று என் பக்கம் பார்த்தார். நான் புத்தகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணி நேரம் ஆடினார்கள். சமனில் முடிந்தது. கொடியண்ணனின் தேநீர் ஆடை கட்டிப்போயிருந்தது. செருப்பை மாட்டும்போது, தலையைத் தூக்காமலே, "செவ்வாய்க்கிழமை என்னையும் வரச் சொல்லியிருக்காங்க" என்றார்.

"ம். வா" என்றார் அத்தான். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. அக்கா போட்டதா, தானாக விழுந்ததா தெரியவில்லை.

செவ்வாயன்று நானும் கூடப் போனேன். வெளியே பெஞ்சில் ஒரு முனையில் நான், மறுமுனையில் கொடியண்ணன். விசாரணை அறையின் கதவு சரியாகச் சாத்தாததால் எல்லாம் கேட்டது.

"கையைப் பார்த்தீங்களா?"

"பாக்கல சார்."

"பார்க்காம ஏன் இறக்கினீங்க?"

"பதினோரு வருஷமா அந்தக் கை எப்ப இறங்கும்னு எனக்கு மனப்பாடம். அந்தக் கணக்குலயே இறக்கிட்டேன்."

"சிக்னல் குடுக்கிறவர் அப்ப என்ன பண்ணிட்டிருந்தார்?"

 கொடியண்ணன் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை தெரியலேன்னா நிறுத்தணும் சார். நான் நிறுத்தல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

வேலை தப்பியது, கிரேன் போனது. கேட்டருகே நின்று, உள்ளே வரும் பெட்டிகளின் முத்திரைகளைச் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மதியத்தில் நிழல் கிடையாது. அக்கா பத்து நாள் அவரோடு பேசவில்லை. கொடியண்ணன் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அத்தான் பலகையை விரித்து வைத்துக் காத்திருந்தார். மூன்றாவது ஞாயிறு விரிக்கவில்லை.

பல மாதங்கள் கழித்து, மேல்முறையீடு செய்யலாமா என்று பார்க்க, அக்கா அந்தக் காகிதக் கட்டை என்னிடம் கொடுத்தாள். அலுவலகம் கொடுத்த மெமோவோடு கொடியண்ணனின் வாக்குமூல நகல் இணைத்திருந்தது: 'நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன், அவர் கவனிக்கவில்லை.' விபத்துக்கு மறுநாளே எழுதிக் கொடுத்திருக்கிறார். நகல் கிடைத்ததாக அடியில் அத்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். கையெழுத்துக்குக் கீழே, கொடியண்ணன் முதல்முறை ஆட வந்த ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமைத் தேதி.